வெள்ளத்தின் வீட்டுக்குப் போவோம், வாருங்கள்

தோழர்களே,

வருகிற ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பெத்தகான ஈரநிலப் பூங்கா வாசலில் கூடுகிறோம். பிள்ளைகளோடு வாருங்கள். அம்மம்மா நடப்பார் என்றால் அவரையும் அழைத்து வாருங்கள். கொடி வேண்டாம், பதாகை வேண்டாம், கோஷம் வேண்டவே வேண்டாம். கோஷம் போட்டால் பறவை பறந்துவிடும். நடப்பதற்கு மட்டும் வாருங்கள்.

“நடப்பதற்கா இவ்வளவு ஆரவாரம்?” என்று கேட்பீர்கள். ஆம், நடப்பதற்குத்தான். “அடுத்த மாதம் பார்ப்போமே” என்று நீங்கள் இழுப்பதற்கு முன்பே பதிலைச் சொல்லிவிடுகிறேன்: அடுத்த மாதம் சரிவராது. மாசி பிறந்துவிட்டது. வடக்கே பனிக்குப் பயந்து ஐப்பசியில் இங்கே வந்திறங்கிய பறவைகள் சித்திரைக்குள் கிளம்பிவிடும். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் மரப்பலகைப் பாதையில் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். இந்த இரண்டையும்விட அவசரமான காரணம் டிப்பர் லொறி. அது மாதமும் பார்ப்பதில்லை, மழையும் பார்ப்பதில்லை.

தை மாதத்து இரவு ஒன்றில் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். உறவினர் வீட்டுச் சடங்கு முடிந்து ராஜகிரியப் பக்கமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். நேரம் பன்னிரண்டு தாண்டியிருக்கும். வீதியோரம் ஒரு தகர வேலி, அதில் ஒரு தகடு மட்டும் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அந்த இடைவெளியில் டிப்பர் ஒன்று பின்பக்கமாக நுழைந்து, முன்விளக்கை அணைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கியது. செம்மண் கிரவல் சரசரவென்று சரிந்தது. அதோடு கேட்ட இன்னொரு சத்தந்தான் இன்னும் காதில் நிற்கிறது. மண்ணுக்கு அடியில் ஈரச்சேறு மூச்சு விடுவதுபோல ஒரு ‘புஸ்’. லொறி போனதும் தகட்டைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். காலையில் அந்தப் பக்கமாகப் போனவர்களுக்கு அது வெறும் வேலி. அங்கே முதல்நாள் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்வதற்கு ஓர் ஆள் இல்லை. ஏனென்றால் அந்தப் பக்கம் நடந்துபோனவர் ஒருவரும் இல்லை.

கால் படாத நிலத்துக்குச் சாட்சி கிடையாது, தோழர்களே. என் பேச்சு முழுவதும் இந்த ஒரு வரிதான். மிச்சமெல்லாம் அதன் விளக்கம்.

“பெத்தகான கோட்டேயில் எங்கேயோ இருக்கிறது, நமக்கு என்ன?” என்று வெள்ளவத்தையில் இருந்து கேட்பவர்கள் இருக்கிறீர்கள். நானே பல வருடம் அப்படிக் கேட்டவன். பம்பலப்பிட்டி முடிந்து வெள்ளவத்தை தொடங்கும் இடத்தில் காலி வீதிப் பாலத்தைத் தினமும் கடக்கிறோம். பாலத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு கால்வாய் கடலுக்குப் போகிறது. பஸ்ஸில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்வோமே தவிர, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டோமா? தியவன்னா வாவியிலிருந்து வருகிறது. கோட்டே சதுப்பில் தேங்கி, கிருலப்பனை வழியாக ஊர்ந்து, கிளை பிரிந்து, ஒன்று வெள்ளவத்தையிலும் இன்னொன்று தெஹிவளையிலும் கடலில் விழுகிறது. அதே சதுப்பின் மறுபக்கம் கொலன்னாவைப் பக்கமாகக் களனி கங்கையைத் தொடுகிறது. சிவனொளிபாதமலைப் பக்கத்தில் பிறந்து 145 கிலோமீட்டர் ஓடி வரும் அந்த ஆறு முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. ஆற்றுக்கும் நமது ஒழுங்கைக்கும் நடுவில் இருப்பதுதான் இந்தச் சதுப்பு. களனியின் பழைய வெள்ளச் சமவெளி அது.

அது எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்கு ஒரு சாப்பாட்டுக் கோப்பையையும் பஞ்சையும் வைத்தே காட்டலாம். மலைநாட்டில் மழை கொட்டினால் களனி நிரம்பும். ஆற்று மட்டம் ஊர் மட்டத்துக்கு மேலே போய்விடும். அப்போது ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் திரும்பாதபடி வடக்கே மதகுக் கதவை மூடுவார்கள். ஆறு வெளியே நின்றுவிடும். சரி, அதே நேரம் கொழும்புக்குள் பெய்யும் மழை எங்கே போகும்? கதவு மூடியிருக்கிறது, கடல் வாயோ சிறியது. ஆறு இறங்கும்வரை அந்தத் தண்ணீர் எங்காவது காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு மண்டபந்தான் கோட்டே, கொலன்னாவை, ஹீன் எலச் சதுப்புகள். பஞ்சை வெட்டி வெட்டிச் சின்னதாக்கினால் தண்ணீர் மேசையில் வழியும். மேசை என்பது நமது ஒழுங்கை.

2010 நவம்பரில் வழிந்தது. ஒரே இரவில் 400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. காலையில் பாராளுமன்றமே தண்ணீருக்குள் நின்றது. 1982-இல் ஜெஃப்ரி பாவா தியவன்னா நடுவே எழுப்பிய அந்த அழகான கட்டடத்தையும் வெள்ளம் விடவில்லை. எங்கள் வீட்டில் முழங்கால் அளவு. வீட்டிலிருந்த பாடப் புத்தகங்களை மொட்டைமாடியில் காயப் போட்டோம். விஞ்ஞானப் புத்தகத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, இன்றுவரை பிரியவில்லை. 2016 மே மாதத்தில் களனியே பெருகி, கொலன்னாவையிலும் கடுவெலையிலும் மனிதர்கள் கூரைகளில் ஏறி நின்றார்கள். அப்போதும் நாம் வெள்ளத்தைத் திட்டினோம், அரசைத் திட்டினோம், மழையைத் திட்டினோம். வெள்ளத்தின் படுக்கையில் வீடு கட்டிவிட்டு, அது வந்து படுத்ததற்குக் கோபித்துக்கொண்டோம்.

மீத்தொட்டமுல்லையை மறந்திருக்க மாட்டீர்கள். சதுப்போரம் வருடக்கணக்காக மலைபோலக் குவித்த கொழும்பின் குப்பை, 2017 ஏப்ரல் 14-ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று சரிந்தது. 32 பேர் போனார்கள். அது நம் வீட்டுக் குப்பையுந்தான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இனி, நமக்குள் மட்டும் பேச வேண்டிய ஒன்று.

போர்க்காலத்தில் நமது தலைமுறைக்குக் கொழும்பில் நடப்பது என்றால் என்னவாக இருந்தது? வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடம், தரிப்பிடத்திலிருந்து வேலைத்தலம், அதே வழியில் திரும்ப. பையில் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு. பாராளுமன்றப் பக்கம் வேடிக்கை பார்க்க நின்ற தமிழனைக் கற்பனை செய்து பாருங்கள்! அதுவும் கழுத்தில் தொலைநோக்கியோடு! “பறவை பார்க்கிறேன், ஐயா” என்று சொல்லி யாரிடம் தப்புவது? எந்தப் பாஷையில் சொல்வது? ஆகவே நாம் நடக்கவில்லை. தெரிந்த தெருக்களுக்குள்ளேயே வாழப் பழகிக்கொண்டோம். போர் 2009-இல் முடிந்தது. ஆனால் அந்த நடை இன்னும் நம் கால்களில் இருக்கிறது. பிள்ளையைத் தனியே கடைக்கு அனுப்பவும் தயங்குகிறோம். பிள்ளைகளோ போரைக் கண்டதே இல்லை; நமது பயத்தை மட்டும் காணாமலே கற்றுக்கொண்டார்கள். இதைச் சீதனமாகக் கொடுக்கப் போகிறோமா?

நான் முதலில் பெத்தகானவுக்குப் போனதே அந்தப் பயத்தோடுதான். நுழைவுச்சீட்டுக் கொடுத்தவர் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. என் மகளைப் பார்த்துச் சிங்களத்தில், “தொப்பி இல்லையா, வெயில் ஏறுமே” என்று மட்டும் சொன்னார். சொன்னது சரிதான். தொப்பி இல்லை. தண்ணீர்ப் போத்தல் இல்லை. பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்து. போனது காலை பத்து மணிக்கு. பறவையெல்லாம் நிழலுக்குள் போய்விட்டன. அரை மணியில் பிள்ளை அழத் தொடங்கினாள். நாங்கள் கண்டது ஒரு காகம், இரண்டு காதல் ஜோடி. திரும்பும்போது “இதுக்கா அப்பா கூட்டிவந்தீங்க?” என்றாள். அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். விடிந்த கையோடு வரச் சொல்வது அதனால்தான்.

இரண்டாம் முறை ஆறரைக்குப் போனோம். பாதையில் ஐம்பது அடி நடந்திருக்க மாட்டோம். பலகைக்குக் கீழே சேற்றில் ஏதோ அசைந்தது. ஒரு கபரகொய்யா. ஆள் நீளம் இருக்கும். எங்களைக் கண்டும் அவசரப்படாமல், பிளந்த நாக்கை நீட்டி நீட்டிக் காற்றை ருசித்தபடி, வாலை இழுத்துக்கொண்டு பாதையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது. அது கடந்துபோக நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். வீட்டில் ஒரு நிமிடம் சும்மா இருக்காத பிள்ளை, கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஐந்து நிமிடமும் ஒரு சொல் பேசவில்லை. சேற்றில் வால் இழுத்த கோடு ஒன்று பாம்புபோல வளைந்து கிடந்தது. இரண்டு பக்கமும் விரல் தடங்கள். அதைப் போனில் படம் எடுக்கப் போனேன். “எடுக்காதீங்க, நான் வரையிறன்” என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு கொப்பி.

அங்கே வேறென்ன இருக்கிறது? நீலத் தாழைக்கோழி இருக்கிறது. சிவந்த நெற்றியும் நீல உடம்புமாக, கலியாண வீட்டுக்கு வந்த பெரியம்மாபோல நாணலுக்குள் தலை அசைத்துத் திரியும். இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழி, செந்நாரை, கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும் பாம்புத்தாரா, விதவிதமான தும்பிகள். நீர்நாய் உண்டு, கண்ணில் படுவது அதிர்ஷ்டம். மீன்பிடிப் பூனையும் உண்டு. அது இரவில் உலாவும் பிராணி. தலைநகரம் ஒன்றுக்குள்ளேயே வாழ்ந்துகொண்டு, சிலவேளை பணக்கார வீட்டு முற்றத்துத் தொட்டிக்குள் இறங்கி அலங்கார மீனைத் தூக்கிக்கொண்டு போவதால் பெயர் கெட்டது. அதன் சாப்பாட்டுத் தட்டை மண் போட்டு மூடியவர்கள் நாம், திருட்டுப் பட்டம் அதற்கு.

பாதையோரம் பச்சைக் காய்களோடு அடர்ந்து நிற்கும் மரத்தைக் கண்டு “எவ்வளவு பசுமை!” என்று மயங்கிவிடாதீர்கள். அது அமெரிக்கக் கண்டத்து ஆள். சிங்களத்தில் வெல் ஆத்தா. நமது அன்னமுன்னாவின் ஒன்றுவிட்ட சகோதரம். ஒட்டுக்கட்டக் கொண்டுவந்தார்கள், அது சதுப்பைப் பிடித்துக்கொண்டது. அடியில் வேறு எதையும் முளைக்க விடாது. சதுப்பை அழிக்க எப்போதும் லொறிதான் வேண்டும் என்றில்லை. இதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இந்த இடத்தின் பெயரைக்கூட அவர்களிடம் சொல்லுங்கள். கோட்டே என்பது கோட்டைதான். 14-ஆம் நூற்றாண்டில் அழகக்கோனார் இங்கே கோட்டை கட்டியபோது சேறும் நீரும் சூழ்ந்த இடமாகப் பார்த்துத்தான் கட்டினார். அவருக்குச் சதுப்பு பாழ்நிலமாகத் தெரியவில்லை, அகழியாகத் தெரிந்தது. யாரைத் தடுக்க? யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் படையை. வெள்ளவத்தை யாழ்ப்பாணத்தார் சிரித்துக்கொண்டே உள்ளே போகலாம். இன்று வாசலில் தடை இல்லை. பின்னாளில் முல்லேரியாவச் சதுப்பில் போர்த்துக்கீசரும் இதே சேற்றில்தான் அடிபட்டார்கள்.

அந்த அறிவு எங்கே தொலைந்தது என்று தேடினால் சட்டப் புத்தகத்திலேயே கிடைக்கும். 1968-இல் கொழும்பு மாவட்டத் தாழ்நிலங்களை ‘மீட்க’ என்றே ஒரு சபையைச் சட்டம் போட்டு அமைத்தார்கள். மீட்பு என்றால் நிரப்புதல்! தண்ணீரிடமிருந்து மீட்டார்களாம், தண்ணீர் யாரிடம் முறையிடும்? நியாயமாகச் சொன்னால், அந்தச் சபையின் வழிவந்த நிறுவனமே பின்னாளில் கால்வாய் துப்புரவாக்கவும் தலவத்துகொடையில் தியசரு பூங்காவைப் பேணவும் இறங்கியது. மனிதரைப் போல நிறுவனமும் திருந்தும்போலும். 1985-இல் பாராளுமன்றத்தைச் சுற்றிய சதுப்பைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2018-இல் துபாயில் நடந்த ராம்சார் மாநாட்டில், உலகிலேயே முதன்முதலாக ‘ஈரநில நகரம்’ என்று அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. எவ்வளவு பெரிய மரியாதை! நமது ஒழுங்கையில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் கேட்ட பதினொரு பேரில் ஒருவருக்கும் தெரியாது. சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும். டிப்பர் சாரதி அதைப் பார்த்தா பிரேக் போடப் போகிறார்? அந்த இடத்தை அறிந்த நூறு குடும்பங்கள் அங்கே தொடர்ந்து நடந்தால் போடுவார்.

நீங்கள் சொல்லப்போகும் சாட்டுகளும் எனக்குத் தெரியும்.

டியூஷன். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் இருக்கிறது, சாதாரண தரம் இருக்கிறது, ஞாயிறு காலையில் மூன்று வகுப்பு. ஞாயிறு நடைக்குப் போய் வந்த பிள்ளையை எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, “காட்டுக்குப் போனவர் வந்திட்டார்” என்று கேலி செய்த ஆசிரியர் ஒருவரையும் நான் அறிவேன், பெயர் வேண்டாம். அதே வாரம் அவருடைய வினாத்தாளில் ‘ஈரநிலம் ஒன்றின் பயன் இரண்டு தருக’ என்று வந்தது. பிள்ளை ஏழு எழுதியது. இரண்டுக்குத்தான் புள்ளி. பரவாயில்லை. எட்டரைக்கு நாம் முடித்துவிடுவோம். வகுப்புக்கும் போகலாம், அறநெறிப் பாடசாலைக்கும் போகலாம்.

நுளம்பு. இருக்கும்தான். நீளக்கைச் சட்டை போடுங்கள், புல்லெண்ணெயோ உங்களுக்குப் பிடித்த வேறு நுளம்புத் தைலமோ பூசுங்கள். ஆனால் டெங்கு நுளம்பைத் தேடிச் சதுப்புக்குப் போகத் தேவையில்லை. அது தெளிந்த தண்ணீரில் முட்டையிடும். உங்கள் மாடிப் பூச்சாடியின் அடித்தட்டில் இருக்கும்.

முதலை. தியவன்னாவில் முதலை உண்டு, மறைக்க மாட்டேன். அதனால்தான் பலகைப் பாதையை விட்டு இறங்கக்கூடாது, நீரோரம் குந்தக்கூடாது. மூன்று பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று கணக்கு வைப்போம். கைப்பிடிக் கட்டையில் ஏறுகிற வால் முளைத்தவர்களை என்னோடு விடுங்கள்.

தூரம். இது மலையேற்றம் இல்லை, மூச்சு வாங்காது. நாலு வயதுப் பிள்ளையின் வேகந்தான் நமது வேகம். அந்தப் பிள்ளை ஓர் எறும்பு வரிசைக்கு நின்றால் நாற்பது பேரும் நிற்போம். ஒரு மணி நேரத்தில் அரைக் கிலோமீட்டர் போதும். வேகமாக நடக்க ஆசைப்படுபவர்களுக்குத் தியவன்னாக் கரையில் நடைபாதை இருக்கிறது, அங்கே கையை வீசிக்கொண்டு போகலாம்.

பணம். மோல் ஒன்றில் பிள்ளையைப் பந்துக் குளத்தில் இறக்கிவிடக் கொடுக்கும் காசோடு பார்த்தால் இந்த நுழைவுச்சீட்டு ஒரு காசே இல்லை. த்ரீவீலைப் பங்கு போட்டு வாருங்கள். ஞாயிறு அதிகாலை வெள்ளவத்தையிலிருந்து அரை மணி கூடப் பிடிக்காது.

தோழர்களே, ஒரு நாள் வந்து படம் எடுத்துப் போட்டுவிட்டுப் போவதற்காக நான் கூப்பிடவில்லை. மாதம் ஒரு முறை, ஒரே இடங்களுக்கு, ஒரே பிள்ளைகளோடு போக வேண்டும். இந்த மாதம் பெத்தகான, அடுத்த மாதம் தியசரு, அதற்கடுத்தது தலங்கம குளத்தைச் சுற்றிய வயல் வரம்பு, பிறகு மீண்டும் பெத்தகான. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி. திகதி, நேரம், தண்ணீர் எந்தக் கட்டை வரை நின்றது, என்ன பறவை, எத்தனை. தகர வேலி எங்கே புதிதாக முளைத்தது, எந்த மூலையில் செம்மண் தெரிகிறது, அதுவும். பத்து வயதுப் பிள்ளை திகதி போட்டு எழுதிய கொப்பி நாற்பது சேர்ந்தால், “இங்கே எப்போதும் மேட்டுநிலந்தான் இருந்தது” என்று எவரும் எந்த மேசைக்கு முன்னாலும் நின்று சொல்ல முடியாது. முறைப்பாடு எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். சட்டம் படித்தவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். நம்மிடம் இல்லாதது, அந்த நிலத்தைத் தெரிந்த கண்கள்.

சிங்களத் தோழர்களையும் முஸ்லிம் தோழர்களையும் அழைத்திருக்கிறேன். கொலன்னாவையிலிருந்து இரண்டு குடும்பம் வருகிறது; 2016-இல் கூரையில் நின்றவர்கள். தண்ணீர் எப்படி ஏறியது என்று பிள்ளைகளுக்கு அவர்களே சொல்லட்டும். மொழிபெயர்க்க என் மகள் முன்வந்திருக்கிறாள். பிழை விட்டால் சிரிக்காதீர்கள்.

சனி இரவே ஆயத்தமாகுங்கள். தொப்பி, பழைய சப்பாத்து, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், பென்சில், கொப்பி. மழை பெய்திருந்தால் செருப்போடு வர வேண்டாம், பலகை வழுக்கும். சாப்பாட்டை டப்பாவில் கொண்டுவாருங்கள். லன்ச் ஷீட்டும் பொலித்தீனும் உள்ளே வரக்கூடாது. பறவைக்குப் பாண் போடக்கூடாது. சிவப்பு நமக்குப் பிடித்த நிறந்தான், ஆனாலும் ஞாயிறு மட்டும் பச்சையோ மண்ணிறமோ போடுங்கள். தொலைநோக்கி இரண்டு இருக்கிறது, இன்னொன்று யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள். கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே வரலாம். எட்டரைக்கு வாசலில் பிளேன்டீ, என் செலவு. ஆறரை என்றால் ஆறரை. கபரகொய்யா கலியாண வீட்டுக்காரர்போலக் காத்திருக்காது.